பெர்னடெற்றின் வலது கால்

மூன்றாவது ரெஸ்றிலும் பெர்னடெற் தோற்றுப்போனாள்.

வளைவுகளில் பிழையில்லை. பின்பக்கமாக எடுத்தபோது சில்லு நடைபாதைக் கல்லில் முட்டவில்லை. கண்ணாடி பார்க்க மறக்கவில்லை. ஆனால் வடக்கு லண்டனின் வுட் கிறீனில் சிவப்பு லைற்றுக்கு நின்றபோது எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்தது. பின்னால் நின்ற பஸ் ஹோன் அடித்தது. அடுத்த லைற்றிலும் அப்படி ஆகிவிடக் கூடாதென்று அவள் அக்சிலேற்றரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் நின்ற இடத்திலேயே கட்டிப்போட்ட நாய் போல உறுமியது. பக்கத்தில் இருந்த பரீட்சகர் தலையை நிமிர்த்தாமலே மடியில் இருந்த தாளில் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோடு அக்சிலேற்றர் என்ற சொல்லின் கீழ் இருந்தது. முதல் இரண்டு தாள்களிலும் அதே சொல்லின் கீழ்தான்.

திரும்பி வரும்போது காரை ஓட்டியது டொலறஸ் அக்கா. அவளும் பெர்னடெற் வீட்டாரும் ஒரே தேவாலயப் பங்கு. பள்ளிக்கூடமொன்றின் சமையலறையில் வேலை, பத்து வருஷத்து லைசன்ஸ். பழகுகிறவருக்குப் பக்கத்தில் லைசன்ஸ் உள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெர்னடெற்றின் புருஷன் ஞானரட்ணத்துக்கு அந்தத் தகுதி போன செப்ரெம்பரோடு போய்விட்டது. இரத்தத்தில் சீனி ஏறுகிற சலரோகம் கண்ணைப் பிடித்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் வருவது தெரியும். ஆர் என்று தெரியாது. எழுத்து, நூல், தலைமயிர், ஊசி ஒன்றும் தெரியாது.

எட்மண்டன் வீட்டுக் குசினியில் ஞானரட்ணம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்த விதத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது.

"எங்கை நிண்டது?" என்றார்.

"வுட் கிறீனிலை."

"காலை எடுத்திருப்பாய்."

"சிவப்பு லைற்றிலை காலை எடுக்காமல் என்ன செய்யிறது?"

"எத்தினை தரம் சொன்னனான்? உந்தக் கார் காலை எடுத்தால் நிண்டிடும். நிக்கேக்கை கொஞ்சம் மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும்."

"பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்கும் கோடு போட்டிட்டான்."

டொலறஸ் அக்கா கேத்திலை அடுப்பில் வைத்தாள். "ஞானம் தம்பி, உம்மடை காரிலை காலை எடுத்தாலும் பிழை, வைச்சாலும் பிழை. பிள்ளை காலை என்ன வீட்டிலை கழட்டி வைச்சிட்டே போறது?"

பெர்னடெற் சிரிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல், மடு மாதா படத்துக்குக் கீழே இருந்த கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் பார்த்தாள். கவுன்சிலில் ஹோம் ஹெல்ப் வேலை. தனியாக இருக்கிற வயது போனவர்களின் வீடு வீடாகப் போய் சாப்பாடு கொடுத்து, குளிக்க வார்த்து, மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. நேர்முகத்தில் அவளை அவர்களுக்குப் பிடித்துக்கொண்டது. ஆனால் கார் ஓட வேண்டும். பெப்ரவரி இருபத்தாறு வெள்ளிக்கிழமைக்குள் ரெஸ்ற் பாஸான அத்தாட்சி கைக்கு வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் இப்போது செய்வது ஒரு லோண்ட்றியில் பின்னேர ஷிப்ட். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுக்கிற வேலை. இரண்டு முன்னங்கைகளிலும் சுட்ட தழும்பு கோடு கோடாக ஏறியிருந்தது. ஞானரட்ணத்தின் மினிகாப் டாக்சி ஓட்டமும் நின்ற பிறகு, வீடு அந்தத் தழும்புகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் நாலாவது தரமும் போவன்" என்றாள். "தேவையெண்டால் அஞ்சாவதும்."

அடுத்த ரெஸ்றுக்குத் திகதி கேட்டால் ஏப்ரில் என்றார்கள். ஆராவது கடைசி நேரத்தில் விலகினால் அந்த இடம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ஒவ்வொரு நாள் காலையும் ரெலிபோனைச் சுழற்றினாள். நாலு கிழமை. அந்தப் பக்கத்துப் பெண் குரலைக் கேட்டே பெயர் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, "இருபத்தைந்தாம் திகதி வியாழன், ஒன்பது நாற்பது, வேணுமா?" என்றாள் அவள்.

வியாழனுக்கு அடுத்த நாள்தான் கவுன்சிலின் கெடு.

*

அடுத்த நாள் சனிக்கிழமை காலை பெர்னடெற்றின் தம்பி கிறிஸ்துராஜா வந்தான். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்த கையோடு, கண் சிவக்க வந்திருந்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டன் வந்து ஒன்றேகால் வருஷம். பெற்றோலுக்குத் தடை போட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓட்டியவன். அதனால் எஞ்சின் என்றால் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவனுடைய எண்ணம்.

வாசலில் உறைபனி. காரின் கண்ணாடியில் வெள்ளை பூத்திருந்தது. அது பன்னிரண்டு வருஷத்து நீலக் கார், கதவோரங்களில் துரு. பொனற்றைத் திறந்து வைத்து, ரோர்ச் அடித்து, அவன் அரைமணி நேரம் முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான்.

"அத்தான், பிடிச்சிட்டன். உந்த வக்கும் ஹோஸ் வெடிச்சுப்போச்சு."

சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு சாண் நீளக் கறுப்பு றப்பர் குழாய். வளைத்தால் ஒரு பக்கத்தில் வாய் திறந்தது.

"எஞ்சின் இதாலை காத்தை உறிஞ்சிக்கொண்டிருக்குது அக்கா. வெடிப்பாலை வேண்டாத காத்து உள்ளுக்குப் போகுது. மிதிச்சால் தெரியாது. காலை எடுத்தால் ஸ்லோவிலை ஓடவேணுமே, அப்பதான் மூச்சுத் திணறி நிக்குது."

"அப்ப நாலு மாசமாய் என்ரை காலிலை பிழையில்லை?" என்றாள் பெர்னடெற்.

ஞானரட்ணம் கையை நீட்டினார். "இஞ்சை தா." குழாயைப் பெருவிரலால் நெருடிப் பார்த்தார். வெடிப்பில் நகம் இறங்கியது. அவர் முகம் மாறியது. "ஓம். வெடிச்சுத்தான் கிடக்கு" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

கிறிஸ்துராஜா ஃபோர் ஸ்ட்றீற் கடைத்தெருவுக்கு ஓடினான். வளர்ப்பு மீன் விற்கிற கடையில், தொட்டிக்குக் காற்று விடுகிற கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்ரிக் குழாயொன்றை வாங்கிக்கொண்டு வந்தான்.

"மீன் தொட்டிக்குப் போடுறதை எஞ்சினுக்குப் போடலாமோடா?"

"அக்கா, அங்கை டாக்குத்தர்மாற்றை மோட்டச்சைக்கிளுக்கே ஆஸ்பத்திரிச் சேலைன் ரியூப்தான். மூண்டு வருஷம் ஓடினது. உது அதின்ரை தம்பி."

குழாய் இறுக்கமாகப் பொருந்தியது. திறப்பைத் திருகியதும் எஞ்சின் ஒரே பிடியில் பற்றிக்கொண்டது. பற்றிக்கொண்டு, ஆரும் மிதிக்காமலே ஏறியது. பொனற் அதிர்ந்தது. எதிர் வீட்டுக் கிழவர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

"நிப்பாட்டடா, பறக்கப்போகுது!" என்று டொலறஸ் அக்கா காதைப் பொத்தினாள்.

"ஓட்டை அடைபட்டிட்டுது. ஆனால் மிதிக்காமல் ஓடுற வேகத்தை வைக்கிற ஸ்லோ ஸ்குறூவை ஆரோ எக்கச்சக்கமாய் ஏத்தி வைச்சிருக்கினம். இஞ்சை பாருங்கோ, ஸ்குறூத் தலையிலை புதுக் கீறல். ஆர் அத்தான் இதைத் திருகினது?"

"வாங்கேக்கையே அப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றார் ஞானரட்ணம்.

பெர்னடெற் அவரைப் பார்த்தாள். அவர் எஞ்சினின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிறிஸ்துராஜா ஸ்குறூவைத் தளர்த்தினான். உறுமல் இறங்கி, அடங்கி, சீரான ஓட்டத்துக்கு வந்தது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிப்பாட்டி, கையைத் துடைத்தான்.

"சரி. இனிப் பாஸ்."

*

அடுத்த நாள் ஞாயிறு. புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது, நாற்பது நாளைக்கு இறைச்சி இல்லை. பெர்னடெற் விடியவே ஆட்டிறைச்சியைக் கறியாக்கி, சட்டியை மூடி வைத்துவிட்டுப் பூசைக்குப் போனாள். பூசை முடிய, டொலறஸ் அக்காவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நோர்த் சேர்க்குலர் பெருவீதியில் ஹரோப் பக்கம் போய்த் திரும்புவதாகத் திட்டம்.

போகும்போது கார் தேன் போல ஓடியது. இரண்டு சிவப்பு லைற்றிலும் அணையவில்லை. திரும்பும்போது வீதித் திருத்த வேலை. மூன்று வரிசையை ஒரு வரிசையாக ஒடுக்கியிருந்தார்கள். இருபது நிமிஷம் நத்தை வேகம். எஞ்சின் சூடு காட்டுகிற முள்ளு மேலே ஏறியது.

ஒரு பாலத்துக்குக் கீழே எஞ்சின் செத்தது.

ஸ்ராட் செய்தாள். பிடித்தது, செத்தது. மூன்றாம் தரம் பிடிக்கவே இல்லை. பின்னால் ஹோன் தொடங்கியது.

"மடு மாதாவே, எங்களைக் கைவிடாதையும்" என்று டொலறஸ் அக்கா செபமாலையை எடுத்தாள். "பிள்ளை, நீ இறங்காதை. லொறி வருகுது. இறங்காதை எண்டுறன்."

பெர்னடெற் இறங்கினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பொனற்றைத் தூக்கி, தடியை முட்டுக் கொடுத்து, உள்ளே பார்த்தாள். சூட்டு ஆவி முகத்தில் அடித்தது. நேற்றுக் கண்ணாடி போல இருந்த குழாய் சூட்டில் இளகி, நடுவில் சப்பையாக ஒட்டிப்போய்க் கிடந்தது. எஞ்சினோடு பொருந்திய நுனி கிழிந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு லோண்ட்றியின் இடைவேளை ஞாபகம் வந்தது. மில்க் ஷேக்கைக் கடதாசி ஸ்ட்றோவால் உறிஞ்சினால், ஈரமானதும் ஸ்ட்றோ ஒட்டிப்போகும். மேலே உறிஞ்ச உறிஞ்ச இன்னும் ஒட்டும்.

கிழிந்த நுனியைப் பிய்த்து எறிந்தாள். மிச்சக் குழாயை இழுத்து அந்த முனையில் மாட்டினாள். மற்ற நுனியைக் கழற்றி, காற்று உள்ளே போகாதபடி இரண்டாக மடித்தாள். கொண்டையில் இருந்த கறுப்பு மயிர் றப்பரைக் கழற்றி நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். தலைமயிர் அவிழ்ந்து தோளில் விழுந்தது. ஒரு லொறிக்காரன் விசில் அடித்தான்.

எஞ்சின் பிடித்தது. காலை எடுத்தாள். மெல்லிய நடுக்கத்தோடு, ஆனால் நிற்காமல் ஓடியது.

"என்னடியப்பா செய்தனீ?" என்றாள் டொலறஸ் அக்கா.

"வாயைக் கட்டிப்போட்டன்."

"என்னையோ சொல்லுறாய்?"

"உங்களைக் கட்ட றப்பர் காணாது அக்கா."

வீட்டில் கிறிஸ்துராஜா புட்டும் ஆட்டிறைச்சியுமாகப் பாதிக் கோப்பையில் இருந்தான். பெர்னடெற் சப்பைக் குழாயை மேசையில் போட்டாள்.

"அங்கை மூண்டு வருஷம் ஓடினதக்கா" என்றான் அவன், வாயில் சாப்பாட்டோடு.

"அங்கை மண்ணெண்ணெய் தன்ரை பாட்டிலை இறங்கி ஓடுற குழாய்க்குப் போட்டனீ. இது உறிஞ்சுற குழாய். மெல்லிசாயிருந்தால் ஒட்டிப்போகும். சூட்டுக்கும் நிக்காது."

அவன் குழாயைத் தூக்கிப் பார்த்தான். "அக்கா சொல்லுறது சரி. நான் அதை யோசிக்கேல்லை." பிறகு தலையைச் சொறிந்தான். "நாளைக்கு ஷிப்ட் முடிய வந்து வேறை ஒண்டு..."

"வேண்டாம். நீ சாப்பிடு. இனி என்ரை காரிலை நான் சொல்லாமல் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

ஞானரட்ணத்தின் கை புட்டில் அப்படியே நின்றது. அந்தக் காரை அவள் தன்னுடையது என்று சொன்னது அதுதான் முதல் தரம். அவர் குழம்பைத் தொட்டுக்கொண்டார்.

*

திங்கள் காலை அவள் உதிரிப்பாகக் கடைக்கு நடந்து போனாள். வெடித்த றப்பரையும் சப்பைப் பிளாஸ்ரிக்கையும் கைப்பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தாள். காதில் பென்சில் செருகியிருந்த வெள்ளைக்காரக் கடைக்காரர் இரண்டாவதைத் தூக்கிப் பார்த்து, இதில் என்ன மீன் வளர்த்தீர்கள் என்று கேட்டார். அவள் சிரித்தாள். எந்த எஞ்சின், எங்கேயிருந்து எங்கே போகிறது என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவர் உள்ளே போய்த் தடித்த சுவருள்ள றப்பர் குழாயும் இரண்டு சின்னக் கிளிப்பும் கொண்டுவந்தார். விரலால் நசுக்கிக் காட்டினார். நசுங்கவில்லை.

செவ்வாய் காலை மழை தூறியது. அவள் ஞானரட்ணத்தின் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை தொடங்கினாள். குழாயைக் கறிக்கத்தியால் நேராக வெட்டினாள், மாட்டினாள், கிளிப் போட்டாள். எஞ்சினைச் சூடேற விட்டாள். சூடேறியதும் கார் திக்கத் தொடங்கியது. புகைக் குழாயால் கறுப்பாகத் துப்பியது. பெற்றோல் மணம் கண்ணைக் கரித்தது. காலை எடுத்தால் மூன்று எண்ணுவதற்குள் செத்தது.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். குழாயில் பிழையில்லை. கிளிப்பில் பிழையில்லை. மழை கழுத்தால் இறங்கியது. வியாழனுக்கு இரண்டு நாள்.

ஞானரட்ணம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையால் மதிலைத் தடவித் தடவி வந்து, காரின் முன் சில்லுக்கு மேலே உள்ளங்கையை வைத்தார்.

"பெர்னடெற், இரண்டு ஸ்குறூ இருக்கு."

"என்ன?"

"ஸ்லோ ஸ்குறூ ஒண்டு. பெற்றோலும் காத்தும் கலக்கிற ஸ்குறூ ஒண்டு. கிறிஸ்து முதலாவதைத்தான் கண்டவன். அதையும் எஞ்சின் சூடேற முன்னம் திருகினவன். மற்றதையும் நான்தான் திருகினனான்."

அவள் நிமிர்ந்தாள்.

"போன கோடையிலை கார் லைற்றுகளிலை நிக்கத் தொடங்கினது. பொனற்றைத் திறந்து பாத்தன். ஒண்டும் வடிவாய்த் தெரியேல்லை. நிக்கிற ஒவ்வொரு தரமும் கையாலை தடவி இதை ஒரு கால் சுத்து, அதை ஒரு கால் சுத்துத் திருகி ஓட்டினனான். ஹோஸிலை வெடிப்பு எண்டு எனக்குத் தெரியேல்லை. என்ரை கண்ணுக்கு அகப்படேல்லை."

"கோடையிலை? நீங்கள் டாக்குத்தரிட்டைப் போனது செப்ரெம்பரிலை."

"ஓம்."

"அந்தக் கண்ணோடை மூண்டு மாசம் சனத்தை ஏத்தி ஓடினனீங்களோ?"

"ஒருநாள் ஆர்ச்வேயிலை ஒரு குடும்பத்தை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோறன். சிவப்புத் தெரியுது. எனக்குப் போட்ட சிவப்போ மற்றப் பக்கத்துக்குப் போட்ட சிவப்போ எண்டு தெரியேல்லை. பின்னாலை ஒரு சின்னப் பிள்ளை இருந்தது. அவையளை இறக்கிவிட்டிட்டு அதிலையே ஒரு மணித்தியாலம் இருந்தன். அண்டைக்குப் பின்னேரம்தான் திறப்பை உன்ரை கையிலை தந்தது."

"காலை எடுக்காதை, காலை எடுக்காதை எண்டு என்னைப் பேசினீங்களே. மூண்டு தரம்."

"பேசினனான்தான்."

மழை பொனற்றின் உட்பக்கத்தால் சொட்டியது. பெர்னடெற்றுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அழுகை வரும், அழுதால் இன்றைய காலை போய்விடும்.

"உதுக்கு உங்களோடை பேந்து சண்டை பிடிக்கிறன்" என்றாள். "கட்டாயம் பிடிப்பன். இப்ப சொல்லுங்கோ, எந்த ஸ்குறூ முதல்?"

"கலக்கிறது. மெல்ல உள்ளுக்குப் போகுமட்டும் இறுக்கு. அமத்தாதை, முனை நசியும். பேந்து ஒண்டரைச் சுத்து வெளியிலை."

அவர் மழைக்கோட்டின் பையைத் தொட்டுக் காட்டினார். அவள் கை விட்டுப் பார்த்தாள். சின்ன ஸ்குறூட்றைவர் ஒன்று. கோடை முழுக்க அது அங்கேதான் இருந்திருக்கிறது.

அவள் திருகினாள். எஞ்சின் பிடித்தது, பாதி மூச்சில். அவர் தலையைச் சரித்துக் கேட்டார். "இன்னும் கொஞ்சம் வெளியிலை. காணும். இப்ப ஏறுது பார். இன்னும் கொஞ்சம். இறங்குது, இறங்குது, திருப்பி வா. உதிலை விடு."

கறுப்புப் புகை வெளுத்தது.

"இப்ப ஸ்லோவைக் குறை."

அவள் குசினிக்குப் போய் எவர்சில்வர் ரம்ளரில் பிளேன்ரீ கொண்டுவந்து, எஞ்சினின் தட்டையான மூடிமேல் வைத்தாள். தேநீர் விளிம்புவரை கொதித்துத் துள்ளுவது போல நடுங்கியது. கொஞ்சம் திருகினாள். நடுக்கம் வட்ட வட்டமாக மாறியது.

"என்ன செய்யிறாய்?"

"நீங்கள் காதாலை பாருங்கோ. நான் தேத்தண்ணியிலை பாக்கிறன்."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "இன்னும் அரைக்கால் சுத்து."

வட்டங்கள் மெலிந்தன. நடுவில் மட்டும் ஒரு சிறு சுருக்கம் மிஞ்சியது. விளக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள், ஹீற்றரைப் போட்டுப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் அணைத்துவிட்டுச் சூட்டோடு மறுபடி ஸ்ராட் செய்தார்கள். அணையவில்லை. அவள் ரம்ளரை எடுத்து அவருடைய கையில் கொடுத்தாள். அவர் குடித்தார்.

"பெற்றோல் மணக்குது" என்றார்.

"குடியுங்கோ. உங்கடை கைவேலைதானே."

ஸ்குறூட்றைவரை அவள் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் அதைக் கேட்கவில்லை.

*

புதன்கிழமை விபூதிப் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு மூவரும் காரில் ஏறினார்கள். டொலறஸ் அக்கா முன்னால், ஞானரட்ணம் பின்னால். பெர்னடெற் முதல் சந்தியில் சிவப்புக்கு நின்றாள். ஹான்ட்பிறேக்கை இழுத்தாள்.

எஞ்சின் உறுமியது.

"அட, திரும்பவும் தொடங்கிட்டுது!" என்றாள் டொலறஸ் அக்கா.

"காரில்லை" என்றார் ஞானரட்ணம் பின்னால் இருந்து. "கால்."

பெர்னடெற் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் அவளைக் கேட்காமலே அக்சிலேற்றரில் ஏறி இருந்தது. எடுத்தாள். உறுமல் அடங்கியது. அடுத்த லைற்றிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். கண் சிவப்பைக் கண்டதும் கால் மிதித்தது. நாலு மாதமாகப் பழுதான காருக்கு ஏற்ற மாதிரிப் பழகிய கால் அது. காரைத் திருத்தியாயிற்று. காலைத் திருத்த எந்தக் கடையிலும் சாமான் இல்லை.

ஒரு ஓரமாக நிறுத்தி, ஸ்ரியறிங்கில் கையால் குத்தினாள். "நாளைக்கு. நாளைக்கு அக்கா. கார் நல்லாய் ஓடேக்கை நானே கெடுக்கப் போறன்."

டொலறஸ் அக்கா செபமாலையைக் கைப்பையில் போட்டு மூடினாள். "பிள்ளை, இண்டைக்கு என்ன நாள்?"

"விபூதிப் புதன்."

"தவக்காலத்துக்கு நீ என்னத்தை விட்டிருக்கிறாய்?"

"இறைச்சி. எல்லாரும் விடுறதுதானே."

"இறைச்சி விடுறது பெரிய காரியமே? விலையும் மிச்சம், வயித்துக்கும் நல்லது. போன வருஷம் நான் சீனியை விட்டனான். மூண்டு நாள் கை தன்ரை பாட்டிலை போத்திலுக்குப் போகும். ஆண்டவரே, இது உமக்கு எண்டு சொல்லிப் போட்டுக் கையை இழுப்பன். நாலாம் நாள் போகேல்லை. ஒறுத்தல் எண்டால் அதுதான். நீ உந்த மிதிக்கிறதை ஒறுத்துவிடு."

"அக்சிலேற்றரை ஒறுக்கிறதோ?" ஞானரட்ணம் சிரித்துவிட்டார். "பங்குச் சுவாமி கேட்டால் என்ன சொல்லுவார்?"

"சுவாமி சைக்கிளிலை வாறவர். அவருக்கு விளங்காது. உமக்கும் ஒரு ஒறுத்தல் இருக்கு ஞானம் தம்பி. நாலு மாசம் பிள்ளைக்குக் காலை எடுக்காதை, எடுக்காதை எண்டு காதுக்குள்ளை ஓதினீரே. இண்டைக்கு ஒவ்வொரு லைற்றிலையும் விடு எண்டு சொல்லும். வேறை ஒரு சொல்லும் சொல்லப்படாது."

"நீங்கள் மூண்டு நாளிலை விட்டதை நான் ஒரு நாளிலை எப்பிடி அக்கா?" என்றாள் பெர்னடெற்.

"நாங்கள் ஒரு நாளிலை மூண்டு நாள் ஓடுவம். பள்ளிக்கூடம் அரைத் தவணை லீவு, எனக்கு வேலையில்லை. எடு காரை."

அன்று எட்மண்டனில் சிவப்பு லைற் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போனார்கள். பச்சையாக இருந்தால் சுற்றி வந்து சிவப்புக்கு நின்றார்கள். நிற்கும்போதெல்லாம் பின்னால் இருந்து "விடு" என்றார் ஞானரட்ணம். சிவப்பு அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. பிறேக் பிடிக்கிற அசைவை வைத்துச் சொன்னார். முதலில் அவர் சொன்ன பிறகு கால் இறங்கியது. மத்தியானத்துக்குப் பிறகு அவர் சொல்லும்போதே இறங்கியது. உபவாச நாள் என்பதால் ஒருவரும் சாப்பிடவில்லை. டொலறஸ் அக்காவின் வயிறு ஒரு சந்தியில் சத்தம் போட்டது. "அது எஞ்சினில்லை, நான்" என்றாள் அவள். லோண்ட்றிக்குச் சுகமில்லை என்று பெர்னடெற் சொல்லியிருந்தாள். பின்னேரம் பெற்றோல் முள்ளு கீழே விழும் வரை ஓடினார்கள்.

ஐம்பத்திரண்டு லைற். எண்ணியது டொலறஸ் அக்கா.

*

வியாழன் ஒன்பது நாற்பது. வெளியே ஈரக் குளிர். பரீட்சகர் புதியவர், ஒல்லியான மனிதர், மூக்கடைப்பு. தூரத்து நம்பர் பலகை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

வலது, இடது, திடீர் நிறுத்தம், சரிவில் புறப்பாடு. எல்லாம் நடந்தது. பிறகு வுட் கிறீனில் அதே சந்தி. அதே லைற். அவள் வந்து சேர்வதற்குள் மஞ்சளாகிச் சிவந்தது.

நின்றாள். ஹான்ட்பிறேக்கை இழுத்தாள். கால் துடித்தது. பெருவிரல் சப்பாத்துக்குள் மடங்கியது. பின் இருக்கையில் ஆரும் இல்லை.

ஆண்டவரே, இது உமக்கு, என்று மனதுக்குள் சொல்லி, காலை எடுத்துப் பக்கத்து வெறும் தரையில் வைத்தாள்.

எஞ்சினின் சத்தம் அவ்வளவு குறைந்தது, அணைந்துவிட்டது என்றே நினைத்தாள். கை திறப்பின் பக்கம் போகப் பார்த்தது. போகவிடவில்லை. ஸ்ரியறிங்கில் விரல் நுனியை வைத்துக் காத்தாள். விரலுக்குள் மெல்லிய அதிர்வு இருந்தது, தேநீரின் நடுவில் மிஞ்சிய அந்தச் சுருக்கம் போல. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. ஹோன் அடிக்கவில்லை. பரீட்சகர் மூக்கைத் துடைத்தார். தாளில் பேனா போகவில்லை.

அந்தச் சிவப்பைப் போல நீண்ட சிவப்பு லண்டனில் வேறெங்கும் இருக்காது.

ரெஸ்ற் நிலைய வாசலில் ஞானரட்ணம் மதிலோடு நின்றார். கார் வந்து நிற்கும் சத்தத்தைக் கேட்டார். நின்ற பிறகும் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அணைக்கப்பட்டது. கதவு திறந்து மூடியது. பரீட்சகரின் சப்பாத்துச் சத்தம் அவரைத் தாண்டி உள்ளே போனது. அவள் வரவில்லை. காரின் முன்னால் போனாள், பின்னால் போனாள். எதையோ அவிழ்த்தாள்.

"எங்கை நிண்டது?" என்றார் அவர், பொறுக்க முடியாமல்.

அவள் வந்து அவருடைய கையில் இரண்டு பிளாஸ்ரிக் பலகைகளை வைத்தாள். நனைந்து, நூல் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் பெருவிரலால் தடவினார். பலகையின் நடுவே ஒட்டியிருந்த, பழகுகிறவர் காருக்கு உரிய எல் எழுத்தின் ஓரம் விரலில் தட்டுப்பட்டது. மேலிருந்து கீழே, பிறகு வலது பக்கம். இன்னொரு தரம் தடவினார்.

"ஒரு இடத்திலையும் நிக்கேல்லை" என்றாள் பெர்னடெற்.

டொலறஸ் அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வழக்கம்போல முன் கதவைத் திறந்தாள்.

"அக்கா, நீங்கள் பின்னாலை ஏறுங்கோ. இண்டைக்கு அவர் முன்னாலை."

"பாத்தீரே ஞானம் தம்பி, லைசன்ஸ் எடுத்து அஞ்சு நிமிஷம் ஆகேல்லை, என்னைப் பின்னுக்குத் தள்ளியாச்சு."

"கெதியாய் ஏறுங்கோ. கவுன்சில் பன்ரண்டரைக்குச் சாப்பிடப் போயிடுவினம். நாளைக்குத்தான் கடைசி நாள் எண்டு நாளைக்குக் கொண்டுபோக எனக்கு ஏலாது."

ஹை ரோட்டில் முதல் சந்தியில் கார் நின்றது. பழக்கத்தில் ஞானரட்ணம் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால் ஏற்கெனவே தரையில் இருந்தது. அவர் டாஷ்போட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அந்தச் சீரான ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். முன்னால் எங்கேயோ ஒரு சிவப்பு மங்கலாக நின்றது. எந்தப் பக்கத்துச் சிவப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

"பச்சை" என்றாள் பெர்னடெற், அவருக்குக் கேட்கும்படியாக.

பிறகுதான் காலை வைத்தாள்.